ஆயிரமாவது குரோஸ்

திங்கட்கிழமை சாயங்காலம் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு எஸ்தர்ராணி திரும்பி வந்தபோது, காயப்போட்டிருந்த தீப்பெட்டிக் கூடுகளில் ஒரு வரிசை கூடுதலாக இருந்தது.

குடம் இடுப்பிலேயே நின்றது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் ஆனிக் காற்றுக்கு ஒதுக்கமான சுவரோரம் பாய் விரித்து, பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று அவளே அடுக்கிவிட்டுப் போனவை அவை. ஒரு பாய்க்கு ஒரு குரோஸ். குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கோவில்பட்டியில் பெட்டி ஒட்டுகிற எந்தப் பொம்பளைக்கும் பன்னிரண்டாவது வரிசையில் கை தானாக நின்றுவிடும். ஐந்து பாயில் நாலு பாய் சரியாக இருந்தது. ஐந்தாவதில் மட்டும் பதின்மூன்று வரிசை.

மற்றதெல்லாம் மூன்று மணிக்கே காய்ந்து மொடமொடவென்று கிடக்க, அந்தப் பதின்மூன்றாவது வரிசையில் பசை ஈரம் மினுங்கியது. மைதாப் பசையின் புளிப்பும், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கலக்கிற மயில்துத்தத்தின் நெடியும் அவள் மூக்குக்குப் பழகிப்போனவை. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது, மழை விழுந்து ஊறிய கரிசல் மண்ணின் வாடை. மழையைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது. வேலிக்கு அப்பால் காடு முழுக்க வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாள். நீலத்தாளின் மூலையில் யாரோ பெருவிரலால் அழுத்திய ரேகை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். உடைமுள் வெட்டும்போது அரிவாள் பாய்ந்த விரல் அது, அவள் புருஷன் தேவஆசீர்வாதத்தின் விரல். மனுஷன் ரயில்வேயில் கேங்மேன். மணியாச்சிப் பாதையில் தண்டவாளம் பார்த்துவிட்டு வந்தால், குளித்து முடித்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். அவள் ஒட்டி நீட்டுகிற பெட்டியின் மூலையை அந்தப் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்திக் கீழே வைப்பார். தான் அழுத்தாவிட்டால் மூலை பிரிந்துகொள்ளும் என்று அவருக்கு ஓர் எண்ணம். மூன்று நாள் காய்ச்சல், மஞ்சக்காமாலை. போன நவம்பர் இருபதாம் தேதி மழையோடு மழையாக அவரைப் புதைத்தாயிற்று.

"யக்கா! என்ன, பாயப் பாத்து ஜெபம் பண்ணுதியளா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். தீப்பெட்டி ஆபீசுக்காக வீடு வீடாகப் பெட்டி எடுக்கிற சங்கரபாண்டி, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கோணிப்பையோடு நின்றான்.

"ஒரு வரிசை கூட இருக்கே. எனக்கு இனாமா?"

"கை மறந்து ஒட்டிட்டேன் தம்பி. அத விட்டுட்டு மத்தத எடுத்துக்கோ."

"ஒங்களுக்கா கை மறக்கும்? சரிதான்." அள்ளிப் பையில் போட்டபடியே பேசினான். "நாளைக்கும் நாளக்கழிச்சும் ஆபீசு அடைப்பு. அமெரிக்காக்காரன் ஆகாசத்துல விட்ட ஸ்கைலாப் விழப்போவுதுன்னு தீக்குச்சிக் கட்டை அடுக்குத பொம்பளைய ஒருத்தியும் வரல. பேப்பர்லயே போட்டுட்டான், பதினொண்ணாந்தேதியாம். ஈஸ்டருக்கு முன்னயே நீங்க சொன்ன அதே தேதி! எனக்கு இந்த உலகம் அழியுததுலல்லாம் நம்பிக்கை கெடையாதுக்கா. வியாழக்கிழமை வாரேன். உலகம் இருந்தா பெட்டிய எடுத்துக்கிடுதேன். இல்லன்னா நீங்களே வச்சுக்கிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சைக்கிளில் ஏறும்போது ஒரு தரம் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். சபையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்: சொப்பனம் கண்டாள், தூதன் வந்து சொன்னான், உபவாசத்தில் குரல் கேட்டது. ஒரு மண்ணும் இல்லை. அடக்கத்துக்கு வந்த கூட்டம் நாலாம் நாள் கலைந்தது. அதற்கப்புறம் தெருக்கோடியில் இருக்கிற அந்த வீட்டை ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. உலை கொதிக்கிற சத்தம், தூரத்தில் ரயில் போகிற சத்தம், அவ்வளவுதான் வீட்டில் பேச்சு. அழுது அழுது மூஞ்சி வீங்கினவள் தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். ஆயிரம் குரோஸ். ஆயிரமாவது குரோஸை ஒட்டி முடிக்கிற அன்றைக்கு அவியளை நினைத்து அழுவதை விட்டுவிட வேண்டும். அடக்கத்துக்கு மறுநாளே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக நாளுக்கு ஐந்து, கிறிஸ்துமஸ் அன்றும் ஐந்து, ஒவ்வொரு குரோஸுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு. காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்ததில் ஜூலை பதினொன்று, புதன்கிழமை வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், தெரு ஜெபக்கூட்டம் நடத்துகிற வேதமணி மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கால் மணி நேரம் ஜெபித்தார்கள். எழுந்தார்கள். "அப்ப நாங்க வாரோம்க்கா" என்று வேதமணி செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். இனி அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், மறுபடி உலைச் சத்தம் மட்டும் கேட்கும் என்று நினைத்தாள் எஸ்தர்ராணி.

"எனக்கு அந்த நாள் தெரியும்" என்றாள்.

நாலு பேரும் திரும்பினார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கிற்று. கண் சுவருக்குப் போனது. வாய் தானாகக் கேட்டது: "வேதத்துல கடைசி நாள்ல முத்திரை போடப்படுதவங்க எத்தன பேரு?"

"லட்சத்து நாப்பத்து நாலாயிரம்."

"அது எத்தன குரோஸ்?"

வேறு எந்த ஊர்ச் சபையாக இருந்தாலும் பேந்தப் பேந்த விழித்திருப்பார்கள். இந்த நாலு பேரும் பெட்டி ஒட்டுகிறவர்கள். உலகம் அழிகிற தேதி அன்றைக்கு, அந்தச் சுவருக்கு முன்னால் பிறந்தது.

"ஆயிரம் குரோஸ்" என்றாள் வேதமணி. காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கூட்டம். நாலு பேர் பத்தாகி, பத்து நாற்பதாகி, வீடு கொள்ளாமல் பின்வாசலில் பாய் விரித்தார்கள். பாட்டு, கண்ணீர், கருப்பட்டிக் காப்பி. குழந்தைகள் அவள் மடியில் தூங்கின. சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று மாசம்தான் எஸ்தர்ராணி மனுஷியாக இருந்தாள். உலகம் அழியும் என்ற பயம் அவளுக்கு இல்லை. பன்னிரண்டாம் தேதி ஒன்றும் ஆகாமல் பொழுது விடியுமே, அப்போது இத்தனை பேரும் காறித் துப்பிவிட்டுப் போய்விடுவார்களே, அந்த ஒரு பயம்தான்.

இப்போது கையில் ஒரு பெட்டி. அதில் ஒரு கோடு போட்ட ரேகை.

திங்கட்கிழமை கூட்டத்தில் அந்தப் பெட்டி முந்தானை முடிச்சில் இருந்தது. மரித்தவர்கள் எழுந்திருக்கிற நாளைப் பற்றி வேதமணி உருகி உருகி ஜெபித்தபோது, எஸ்தர்ராணி முடிச்சுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவிய வந்துட்டாவ, பழைய மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துட்டாவ என்று தொண்டை வரைக்கும் வந்த சந்தோஷம். எல்லாரும் போன பிறகு, கையை முகர்ந்து பார்த்தாள். ஈரக் கரிசல் வாடை. கழுவினாள். சாம்பல் போட்டுக் கழுவினாள். போகவில்லை. சந்தோஷம் அப்போது போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஒட்டக் கூடாது என்று முடிவு பண்ணினாள். மரத்தகடு, நீலத்தாள், எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பசையை வேலியோரம் கொட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறோடு நிற்கட்டும். ஆயிரம் ஆனால்தானே நாள்?

வீட்டில் இருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் காட்டுப் பாதையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். கழுகுமலைப் பக்கமிருந்து காற்று புழுதியை வாரி அடித்தது. காய்ந்த பருத்திமார் காலைக் கீறியது. நிலத்தில் வெடிப்புகள் உள்ளங்கை அகலம், தெரியாமல் காலை வைத்தால் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். கரிசலில் கோடைக்குக் கல்லறை வெடிப்பதும் புதிதல்ல, மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும். தோட்டத்தில் எல்லாக் கல்லறையும் வெடித்துத்தான் கிடந்தது. பெரிய ஆள், சின்னப் பிள்ளை என்று பார்க்காமல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் நீளவாக்கில் ஒரே கோடு.

அவரது குழிமேட்டின் ஓரத்தில் குந்தினாள். வெடிப்புக்கு மேலே கையை நீட்டினாள். அந்த வெயிலில், உள்ளேயிருந்து குளிர்ச்சியாகக் காற்று வந்தது. விட்டு விட்டு வந்தது. அதில் புளித்த பசை வாடை. மயில்துத்தம்.

வெடிப்பின் விளிம்பில் நீலத்தாள் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

திரும்பி எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முன்கதவின் பூட்டு பூட்டினபடி இருந்தது. டிரங்குப் பெட்டி பூட்டினபடி இருந்தது. பின்வாசலில் ஐந்து பாய் விரித்திருந்தது. பன்னிரண்டு வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு. எல்லாம் ஈரம்.

உள்ளே வந்து பார்த்தாள். சுவரில் ஐந்து கோடு கூடியிருந்தது. கரி அல்ல. மண்.

அன்றைக்குக் கூட்டம் வந்தபோது பின்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, எல்லாரையும் முன்னறைக்குள் நெருக்கி உட்கார வைத்தாள். நாளைக்கு இதே நேரம் எல்லாருமாகச் சேர்ந்து இங்கேயே இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். நாளைக்கு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியைத் தள்ளினாள். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் எது வந்தால்தான் என்ன?

புதன்கிழமை விடிந்ததும் நேற்றுப் பெட்டிகளை அள்ளி ஒதுக்கி, பாய்களைச் சுருட்டிவிட்டு, பின்வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு பொங்கவில்லை. கண்ணை எடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணிக்கு முன்கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

வேதமணி நின்றிருந்தாள். தலை குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"சாயங்காலம் நாங்க வரலக்கா. சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

"எல்லாரும் இங்கனதான் கூடணும்னு பேச்சு?"

"எங்க வீட்டுல அவிய சொல்லுதாவ, கடைசி நேரத்துல அவியவிய சொந்தத்தோட இருக்கணுமாம். மத்தவங்களும் அதான் சொல்லுதாங்க. அதுவும் நியாயந்தானக்கா?" தயங்கினாள். "ஒங்களுக்கும் ஒங்க அவிய வருவாவல்லா."

எஸ்தர்ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி வேதமணி, கேளு. நான் சும்மா சொன்னேன். தூதனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எந்திரிச்சுப் போயிருவியளேன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். பொய்யி. எல்லாம் பொய்யி. நீ என்ன வஞ்சாலும் சரி, என்னத் தனியா விட்டுட்டுப் போவாத."

வேதமணியின் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துச் சிரித்தாள்.

"இது சோதனைக்கா. கடைசி நாள்ல மனசு இப்படித் தடுமாறும்னு நீங்கதான எங்களுக்குச் சொன்னிய. தைரியமா இருங்க." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "அங்கன பாப்போம்."

தெருவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் எதிர்வீட்டுக் கதவு. அப்புறம் அதற்கடுத்தது. தாழ்ப்பாள் தாழ்ப்பாளாக விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் போயிற்று. மூன்று மாசமாகச் சேர்த்த கூட்டத்தை அவள் சொன்ன தேதியே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. எஸ்தர்ராணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

பின்வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

ஐந்து பாய். நாலு முழுசாக இருந்தது. ஐந்தாவதில் பதினொரு வரிசை முழுசு. பன்னிரண்டாவது வரிசையில் பதினொன்று. கடைசி இடம் காலி. அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தகடு, ஒரே ஒரு நீலத்தாள், அவளுடைய பசைக் கிண்ணம். கிண்ணத்தில் பசை இருந்தது.

அந்த ஒன்றை அவள் ஒட்ட வேண்டுமாம். அவளுக்காக விட்டு வைத்திருக்கிறது.

"மாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். தகட்டையும் தாளையும் அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். குப்பென்று பிடித்து எரிந்தது. சாம்பலாகிற வரைக்கும் நின்று பார்த்தாள். ஒன்று குறைகிறது. ஒன்று குறைந்தால் குரோஸ் இல்லை. ஆயிரம் ஆகாது. நாள் வராது. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாளைக்கு வியாழக்கிழமை, சங்கரபாண்டி வருவான் என்று சொல்லிக்கொண்டாள். எல்லாரும் துப்பட்டும். துப்புவதற்காகவாவது வரட்டும்.

பொழுது சாய்ந்தது. கரண்ட் போயிற்று. சிம்னி விளக்கை ஏற்றினாள்.

ஆறேமுக்கால் இருக்கும், காற்று நின்றது. ஆனி மாசத்துக் காற்று நிற்காது. ஓட்டு இடுக்கில் ஊளையிட்டுக்கொண்டே கிடக்கும். அது நின்றது. நாய் குரைக்கவில்லை. ரயில் வரவில்லை. தெருவே இல்லாதது மாதிரி இருந்தது.

அப்புறம் பின்வாசலில் ஒரு சத்தம். துணி சரசரக்கிற சத்தம். ஆட்கள் வந்து தரையில் உட்காருகிற சத்தம். ஒருவர் உட்கார, பக்கத்தில் இன்னொருவர். இடம் விட்டு, ஒதுங்கி, நெருங்கி. தினமும் சாயங்காலம் கேட்ட அதே சத்தம்.

அவளுக்கு மனசு குளிர்ந்தது. வந்துவிட்டார்கள். வேதமணி மனசு கேட்காமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேலிப் பக்கமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"வாங்க, வாங்க, ஏன் இருட்டுல..."

வாடை முகத்தில் அடித்தது. ஈரக் கரிசல்.

வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை முழுக்க வெள்ளைத் துணி. துணியெல்லாம் மண். சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, இவளைப் பார்த்து. யாரும் பாடவில்லை. யாரும் மூச்சு விடவில்லை. விளக்கு நடுங்கியது. கண் மட்டும் பழக்கத்தில் எண்ணியது. வரிசைக்குப் பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. மூன்று.

வேலிக்கு அப்பால் காட்டிலும் இருந்தார்கள். வெடிப்புகளுக்கு நடுவே, வெளிச்சம் போன வரைக்கும், வெளிச்சம் போகாத இடத்திலும், கல்லறைத் தோட்டம் வரைக்கும். பன்னிரண்டு பன்னிரண்டாக.

பன்னிரண்டாவது வரிசை அவள் காலடியில் இருந்தது.

பதினொரு பேர்.

கடைசியில் இருந்தவரை அவளுக்குத் தெரியும். புதைக்கும்போது போட்டுவிட்ட சட்டை. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குத் தரை காலியாக இருந்தது.

பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் தெரு. தெரு முழுக்கத் தாழ்ப்பாள்.

"ஏங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவர் நிமிரவில்லை. வலது கையை நீட்டினார். காலியாக இருந்த தரையின் மூலையில், பெருவிரலால், ஓர் அழுத்து அழுத்தினார்.